ரொட்டிக்காரன் பெண்டாட்டி நடந்துபோனாள்

வில்லகாஸ்த்ரின் ஊரில் கொஸ்மேயின் ரொட்டியைக் குறை சொன்னவர்கள் யாரும் இல்லை. பேச்செல்லாம் அவனுடைய பொறாமையைப் பற்றித்தான். காலையில் அடுப்பை அணைத்துவிட்டு, வேனில் ரொட்டியை அடுக்கிக்கொண்டு, ஹாரன் அடித்தபடியே சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் போவான். கடையில் அவன் பெண்டாட்டி கசில்தா நிற்பாள். வேன் திரும்பி வருகிற ஹாரன் சத்தம் கேட்டதும், கடையில் அவளோடு பேசிக்கொண்டிருக்கிற ஆண்கள் பாதிப் பேச்சில் நழுவிவிடுவார்கள். கால்நடை மருத்துவர் ஒருமுறை நழுவ மறந்துவிட்டார். அதன்பிறகு ஒரு மாதம் அவருக்கு மட்டும் கருகிய ரொட்டிதான் கிடைத்தது.

கசில்தா அதையெல்லாம் பெரிதுபடுத்துகிற பெண் இல்லை. "அவனுக்கு அது தலைமுடி மாதிரி. வெட்டி விட்டாலும் வளரும்" என்பாள்.

அந்தப் பொறாமைக்கு ஒரு வேர் இருந்தது. கசில்தா பக்கத்து ஊர்க்காரி. அவளுக்கு அங்கேயே ஒரு தச்சன் மகனோடு பேச்சு முடிந்திருந்தது. அவன் பட்டாளச் சேவைக்காகக் கடலுக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்கக் கரையில் இருக்கிற மெலில்யாவுக்குக் கப்பலேறிப் போனான். அந்த வருஷம்தான் கொஸ்மேயின் அப்பா வேன் வாங்கினார். கொஸ்மே தினமும் அவள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடித்தான். அம்மாவுக்குப் பெரிய ரொட்டி, மகளுக்குச் சர்க்கரை தூவிய சின்ன ரொட்டி. சின்ன ரொட்டிக்குக் காசு வாங்கமாட்டான். தச்சன் மகன் விடுப்பில் வந்தபோது கோயிலில் கொஸ்மேக்கும் கசில்தாவுக்கும் கல்யாண அறிவிப்பு மூன்று ஞாயிறும் படித்து முடித்திருந்தார்கள். தினமும் வருகிறவனுக்கும் தூரத்தில் இருக்கிறவனுக்கும் நடக்கிற போட்டியில் யார் ஜெயிப்பான் என்று கொஸ்மேக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் கடை வாசலில் நிற்கிற எவனைப் பார்த்தாலும் அவனுக்கு வயிறு எரிந்தது.

யாத்திரைப் பாதை அந்தக் கடையின் வாசலை உரசிக்கொண்டுதான் போகிறது. கைபேசி எல்லாம் ஊருக்குள் இன்னும் வராத காலம் அது. ஆனால் மேற்குக் கோடியில் சந்தியாகோ நகரத்தில் இருக்கிற சந்தியாகப்பர் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே இருந்தார்கள். முதுகில் மூட்டை, மூட்டையில் யாத்திரைக்கு அடையாளமாக ஒரு சிப்பி, கையில் கோல். ரொட்டி வாங்குவார்கள், குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், மேற்கே போய்விடுவார்கள்.

ஒரு சித்திரை மாதத்து ராத்திரிச் சாப்பாட்டில், அவரை சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, கசில்தா சொன்னாள்:

"நான் சந்தியாகோவுக்கு நடந்து போகப்போறேன்."

"யாரோட?"

"எதுக்குன்னு கேக்கல. எப்பன்னு கேக்கல. யாரோடன்னு கேக்கற."

"சரி, எதுக்கு?"

"பத்துப் பன்னெண்டு வருஷமா இவங்க முதுகையே பாத்துக்கிட்டு இருக்கேன். எங்கதான் போறாங்கன்னு நானும் போய்ப் பாக்கணும்."

"அதுக்கு எதுக்கு நடக்கணும்? வேன்ல கூட்டிட்டுப் போறேன். ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாம்."

"வேன்ல போனாலும் அவங்க முதுகுதான் தெரியும், கொஸ்மே."

கடையைப் பார்த்துக்கொள்ள அவளுடைய தம்பி எலாதியோவின் மனைவி ஒத்துக்கொண்டாள். ஒரு திங்கட்கிழமை, கடைசி ரொட்டித் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வந்தபிறகு, கசில்தா, கன்னத்தில் மாவு ஒட்டியிருந்த புருஷனுக்கு முத்தம் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய முதுகை அப்படித் தெருக்கோடிவரை பார்த்தது கொஸ்மேக்கு அதுதான் முதல்தடவை.

முதல் நாள் பிரச்சினை ஒன்றும் இல்லை. வேன் போகிற ஊர்கள் வழியாகத்தான் பாதையும் போகிறது. அடுத்த ஊரில் அக்கிலினாக் கிழவி பையோடு நின்றாள்.

"உன் பொண்டாட்டி போனாடா கொஸ்மே. ஆட்டுக்குட்டி மாதிரி போறா."

"தனியாவா?"

"தனியாத்தான். ஏன், நான் கூடப் போயிருக்கணுமா?"

கொஸ்மே சிரித்தான். அன்று விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் சாகுன் நகரத்தைத் தாண்டி, அவனுடைய வட்டத்தின் கடைசி ஊரில், மதுக்கடை சத்தூரியோ ரொட்டிக் கூடையை வாங்கும்போதே ஆரம்பித்தான்.

"உன் வீட்டம்மாவைப் பாத்தேன். இங்கதான் காப்பி குடிச்சாங்க."

"குடிச்சாங்களா? எத்தன பேரு?"

"கூட ஒரு பாஸ்க்காரன், வடக்குக் கடற்கரை ஆளு. ஒசரமா, வெள்ளத் தாடி, அவங்க ஊருத் தட்டத் தொப்பி. உன் வீட்டம்மா மூட்டையையும் அவன்தான் தூக்கிட்டு வந்தான்."

"என்ன பேசிட்டு வந்தாங்க?"

சத்தூரியோ கூடையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "பேசல. சிரிச்சிட்டு வந்தாங்க."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் கொஸ்மே தாங்கியிருப்பான். பேச்சுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். கசில்தா கடைசியாக அவனோடு சேர்ந்து எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தான். எலாதியோ சாணிக் குழியில் விழுந்தது ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் அவனோடு சிரித்தது இல்லை, எலாதியோவைப் பார்த்துச் சிரித்தது.

சத்தூரியோவின் கடைக்கு மேற்கே கொஸ்மேயின் உலகம் முடிந்துபோயிற்று. அங்கிருந்தவர்கள் வேறு எவனோ சுட்ட ரொட்டியைத் தின்றார்கள். அவள் போனாள், வந்தாள் என்று சொல்ல அங்கே அவனுக்கு ஒரு ஜீவன் கிடையாது.

லியோன் நகரத்திலிருந்து அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஊருக்கே ஒரு தொலைபேசி இருந்த, சாவடிக்குப் பக்கத்து மதுக்கடையில், எல்லோருக்கும் முன்னால், கொஸ்மே பேசவேண்டியிருந்தது.

"எப்படி இருக்க?"

"கால்ல கொப்புளம். மத்தபடி நல்லா இருக்கேன். அடுப்பு எப்படி இருக்கு?"

"அடுப்புக்கு என்ன. நீ தனியாவா நடக்கற?"

"இந்தப் பாதையில யாரும் தனியா நடக்கறதில்ல."

அப்போது பின்னால் ஒரு ஆண் குரல், "கசில்தா, சூப் ஆறுது" என்றது.

"இதோ வரேன், நீ ஆரம்பி" என்றாள் அவள்.

கொஸ்மே போனை வைத்துவிட்டான். அவன் காதில் அந்த 'நீ' நின்றுவிட்டது. சாமியாரை அவள் நீங்க என்பாள். மருத்துவரை நீங்க என்பாள். இருபது வருஷமாகப் பால் ஊற்றுகிறவனைக்கூட இன்றுவரை நீங்க என்றுதான் சொல்கிறாள். மூன்றே நாளில் ஒருத்தன் நீ ஆகிவிட்டானாம்.

அன்று பிசைந்த மாவில் உப்புப் போட மறந்துவிட்டான். மறுநாள் இரண்டு தடவை போட்டான்.

"ஏன்டா, பொண்டாட்டி ஊருக்குப் போனா உப்பு அளக்கற கையும் கூடப் போயிடுமா?" என்று கேட்டாள் அக்கிலினா. பின்னால் நின்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

எலாதியோதான் ஒரு முடிவுக்கு வந்தான். சின்ன வயதில் கொஸ்மேயின் அப்பாவிடம் மாவு பிசைந்த ஆள் அவன். வேலை தெரியும்.

"மச்சான், நீ சுடற ரொட்டிய நாய் மோந்து பாத்துட்டுப் போகுது. ஒரு வாரம் இப்படிப் போனா ஊரே சாகுனுக்குப் போயி ரொட்டி வாங்கும். அடுப்பை நான் பாத்துக்கறேன். என் காரை எடுத்துக்கோ. போய் உன் கண்ணால பாத்துட்டு வந்துடு."

"நான் எதுக்குப் பாக்கணும்? எனக்கு அவ மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு இருக்கு. சாவி வண்டிலயே இருக்கு."

லியோனுக்கு அடுத்துப் பாதை போகிற அஸ்தோர்காவின் சதுக்கத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் இருந்த மேசையில், கொஸ்மே இரண்டு காப்பி குடிக்கிற நேரம் காத்திருந்தான். அவர்கள் வந்தார்கள். முதலில் அவனுக்குத் தன் பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை. முகம் வெயிலில் செம்புப் பாத்திரம்போல் ஆகியிருந்தது. தலையில் ஒரு ஆண்பிள்ளையின் தட்டைத் தொப்பி. நடையில் ஒரு வேகம். இரண்டு கைகளையும் வீசிவீசி ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தாள். தொப்பி இல்லாத உயரமான ஆள் அரை அடி பின்னால் வந்தான்.

அவர்கள் கைகோத்துக்கொண்டு வந்திருந்தால் கொஸ்மே எழுந்து போயிருப்பான். போய் என்ன செய்யவேண்டும் என்றும் அவனுக்குத் தெரியும், இளவயதில் செய்தவன்தான். ஆனால் அந்த ஆள் அவளைத் தொடவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு மட்டும் வந்தான். கேட்கிறவனை என்னவென்று அடிப்பது? கொஸ்மே தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் செய்த காரியத்தை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. பாதைக்குப் பக்கத்தில் தார்ச்சாலை ஓடுகிற இடத்திலெல்லாம், ஆடு திருட வந்தவன்போல் காரை மெல்ல உருட்டிக்கொண்டு போனான். அவர்கள் தெரிந்தால் நின்றான். மறைந்தால் நகர்ந்தான். ராத்திரி காரிலேயே படுத்தான். எலாதியோவின் கோழித் தீவன மூட்டை தலையணை ஆயிற்று.

மூன்றாம் நாள் காலை மலைமேல் இரும்புச் சிலுவை இருக்கிற இடத்துக்கு அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தான். உயர்ந்த மரக்கம்பத்தின் உச்சியில் சின்னதாய் ஒரு சிலுவை. யாத்திரிகர்கள் ஊரிலிருந்து ஒரு கல் கொண்டுவந்து அதன் அடியில் போட்டுவிட்டுப் போவார்கள். போட்டுப்போட்டே அது ஒரு குன்று ஆகிவிட்டது. பனிமூட்டமாக இருந்தது. பக்கத்தில் இருந்த சிறிய கோயிலின் சுவருக்குப் பின்னால் கொஸ்மே நின்றுகொண்டான்.

அவர்கள் ஏறி வந்தார்கள். பாஸ்க்காரன் சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் குனிந்தே நின்றான். பிறகு திரும்பி கசில்தாவிடம் ஏதோ சொன்னான். காற்று எதிர்த்திசையில் அடித்ததால் கொஸ்மேக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் கசில்தா பதில் சொல்லவில்லை என்பது தெரிந்தது. எதற்கும் பதிலை நாக்கு நுனியிலேயே வைத்திருக்கிறவள், வாய் திறக்காமல், கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தொப்பியைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, முன்னால் நடந்தாள். அவன் பின்னால் நெடுந்தூரம் விட்டு இறங்கினான்.

கொஸ்மே சுவரில் சாய்ந்துகொண்டான். அவனுக்கு வயிற்றில் எரியவில்லை. சண்டையிட்டுக்கொண்டார்கள் என்று சந்தோஷப்படலாமா என்றால், அவனுக்கு அப்படிப் படவில்லை.

சாயங்காலம் மலையடிவாரத்தில், மோலினசேகா ஊரின் யாத்திரிகர் விடுதி வாசலுக்கு வந்து நின்றான். இதற்கு மேல் ஒளிந்து நிற்க அவனால் முடியவில்லை. விடுதியைப் பார்த்துக்கொள்கிற லூதிவினா பருத்த பெண். கதவு நிலையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றாள்.

"யாத்திரிகர் அட்டை இருக்கா?"

"இல்ல. நான் உள்ள இருக்கற ஒருத்தரோட புருஷன்."

"புருஷனுங்களுக்கும் அட்டை வேணும்."

"படுக்க வரல அம்மா. பாக்க வந்தேன்."

"யாரை?"

"கசில்தாவை."

லூதிவினா அவனை மேலும் கீழும் பார்த்தாள். சட்டையில் கோழித்தீவனம் ஒட்டியிருந்தது. "ஓ, கசில்தா வீட்டுக்காரரா? அதை முதல்ல சொல்லக்கூடாதா" என்று விலகி வழிவிட்டாள். தன் ஊரில் கசில்தாவைத்தான் ரொட்டிக்காரன் பெண்டாட்டி என்பார்கள். இங்கே அது தலைகீழாக இருந்தது.

உள்ளே ஜன்னல் ஓரத்து பெஞ்சில் கசில்தா உட்கார்ந்திருந்தாள். எதிரே முக்காலியில் பாஸ்க்காரன். அவளுடைய வெறுங்கால் அவன் மடியில் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கொப்புளத்து நீர் வடிவதற்காக, நூல் கோத்த ஊசியை அவள் குதிகாலில் நுழைத்துக்கொண்டிருந்தான்.

"என் பொண்டாட்டி காலை விடுங்க" என்றான் கொஸ்மே.

அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். கசில்தா மட்டும் அசையவில்லை.

"இப்ப விட்டா ஊசி உள்ள போயிடும். அந்த மருந்துப் புட்டியை எடுத்துக் குடு."

அவன் எடுத்துக் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் எதற்குக் கொடுத்தோம் என்று யோசித்தான்.

"நீ வருவன்னு தெரியும்" என்றாள் அவள். "அஸ்தோர்காவுலயே எலாதியோ காரைப் பாத்துட்டேன். முன்கதவு வெள்ளை, பின்கதவு நீலம். ஸ்பெயின்லயே அப்படி ஒரு வண்டிதான் இருக்கு."

கொஸ்மேக்குக் காது சிவந்தது. பாஸ்க்காரன் நூலின் நுனியை வெட்டிவிட்டு, காலை மெதுவாகத் தரையில் இறக்கிவைத்து, எழுந்து கையை நீட்டினான்.

"நான் கெப்பா. பெர்மேயோ ஊரு. மீன்பிடிக் கப்பல்ல சமையக்காரனா இருந்தேன். உங்களைப் பத்தி நெறயக் கேட்டிருக்கேன்."

"என்ன கேட்டீங்க?"

"நீங்க பண்ற ரொட்டியைப் பத்தி. அந்த மாதிரி ரொட்டி வேற எங்கயும் கிடையாதுன்னு சொன்னாங்க."

"வேற?"

கெப்பா யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத ஆள். "வேற ஒண்ணும் சொல்லல" என்றான்.

கசில்தா காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, வெளியில போலாம்" என்றாள்.

ஊரின் பழைய கல்பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் உட்கார்ந்தார்கள். சில யாத்திரிகர்கள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தார்கள். கசில்தா குதிகாலைக் கல்லில் உயர்த்தி வைத்துக்கொண்டாள்.

"சிலுவைகிட்ட அவன் உன்கிட்ட என்ன சொன்னான்?"

"அங்கயும் வந்தியா?" அவளுக்குக் கோபம் வரவில்லை. களைப்புத்தான் இருந்தது. "பெர்மேயோவுக்கு வந்துடறியான்னு கேட்டான். பொண்டாட்டி செத்து நாலு வருஷம் ஆச்சாம். துறைமுகத்தைப் பாத்த மாதிரி வீடு இருக்காம்."

கொஸ்மே ஆற்றையே பார்த்தான். இத்தனை வருஷமாக எவன் கேட்பான், எவன் கேட்பான் என்று பயந்துகொண்டிருந்ததை, கடைசியில் ஒருத்தன் கேட்டே விட்டான்.

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னு சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"இப்பதான். நீ உள்ள வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அவன் கேட்டது காலையில."

"ஆமா."

"அதுவரைக்கும்?"

"யோசிச்சேன்."

"மலை எறங்கற வரைக்குமா? நாள் முழுக்கவா?"

"நாள் முழுக்க."

அவன் ஒரு கல்லை எடுத்தான், எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். "என்ன யோசிச்ச?"

"அதைச் சொல்லமாட்டேன்."

"புருஷன்கிட்ட சொல்லமாட்டியா?"

"சொல்லமாட்டேன், கொஸ்மே. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு நாள்தான்." அவள் குரல் உயரவே இல்லை. "நீ என்னை யோசிக்க விட்டியா? மெலில்யாவுலேர்ந்து அந்தப் பையன் கடுதாசி போட்டா, படிச்சு முடிக்கறதுக்குள்ள வாசல்ல வந்து ஹாரன் அடிச்ச. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. சர்க்கரை ரொட்டியும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா யோசிக்கல. இன்னிக்குத்தான் ஒருத்தன் கேட்டுட்டு, நூறு அடி பின்னாடியே வந்தான். நான் யோசிச்சேன். யோசிச்சு, முடியாதுன்னு சொன்னேன். அது உனக்குப் போதாதா?"

போதும் என்று சொல்லவேண்டிய இடம் அது. கொஸ்மேக்குத் தெரிந்தது. ஆனால் வாயில் வரவில்லை. இதற்கு முன்னால் அவன் பொறாமைப்பட்டதெல்லாம் ஆட்களைப் பார்த்து. மருத்துவர் போய்விடுவார், பட்டாளத்துக்குப் போன தச்சன் மகன் போய்விட்டான், கெப்பாவும் போய்விடுவான். ஒரு நாள் எங்கே போகும்? அது அவளுக்குள்ளேயே இருக்கும்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றான்.

"வீட்டுக்குப் போ. இல்லன்னா கூட நட. கார்ல பின்னாடியே வராத. எனக்கு அசிங்கமா இருக்கு."

மறுநாள் காலையில் கெப்பாவின் படுக்கை காலியாக இருந்தது. இருட்டு பிரிவதற்குள் கிளம்பிவிட்டான் என்றாள் லூதிவினா. கொஸ்மேக்கு ஒரு அட்டை எழுதி, முத்திரை குத்திக் கொடுத்து, "இப்ப நீங்களும் யாத்திரிகர். இனிமே உங்களை உள்ள விடுவாங்க" என்றாள். கார் விடுதிக் கொல்லையில் நின்றது.

கொஸ்மே நடந்தான். இருபது வயதிலிருந்து அடுப்புக்கும் வேனுக்கும் இடையில் மட்டும் நடந்த கால்கள் அவை. அடுத்த ஊரான பொன்பெர்ராதா போய்ச் சேருவதற்குள்ளேயே இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வந்துவிட்டது. சாயங்காலம் கசில்தா ஊசியில் நூல் கோத்தாள். அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட கத்துக்கிட்டியா?"

"ஆமா. ஆடாத."

கெப்பா ஒரு நாள் தூரம் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். ஆனால் அவன் போன தடம் எல்லா ஊரிலும் இருந்தது. வில்லபிராங்காவில் விடுதிக்காரன் கொஸ்மேயைப் பார்த்ததும், "நீங்கதானா அது? ஜன்னல்கிட்டக் கீழ்ப் படுக்கை வெச்சிருக்கேன். கசில்தாவோட வீட்டுக்காரர் வருவாரு, நடந்து பழகாதவரு, கால் கொப்புளிச்சிருக்கும், மேல ஏறமாட்டாருன்னு கெப்பா சொல்லிட்டுப் போனான்" என்றான். அடுத்த ஊரில் அவனுக்காக ஒரு களிம்புக் குப்பி காத்திருந்தது. தன்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் கொஸ்மே நிம்மதியாகத் தூங்கியிருப்பான். அந்தக் களிம்பைத் தடவமாட்டேன் என்று ஒரு ராத்திரி வீம்பாகப் படுத்திருந்தான். மறுநாள் தடவினான். நல்ல களிம்புதான். அதற்காகவும் கெப்பாவின்மேல் கோபம் வந்தது.

நடக்கிறபோது கசில்தா எதிர்ப்படுகிறவர்களோடெல்லாம் பேசினாள். பிரெஞ்சுக்காரி ஒருத்தியோடு, மொழி தெரியாமலே, அரை நாள் பேசிக்கொண்டு வந்தாள். கொஸ்மே அஸ்தோர்காவில் பார்த்ததுபோல் கேட்டுக்கொண்டு நடக்க முயன்றான். அவள் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் மூன்றாவதை அவனே சொல்லிவிடுவான்.

"பாரு, மறுபடியும் ஹாரன் அடிக்கற" என்பாள். அவன் வாயை மூடிக்கொள்வான். அப்படி மூடிக்கொண்டு நடந்த ஒரு மத்தியானம், அவளுடைய அப்பாவைப் பற்றி அவன் இதுவரை கேட்டிராத ஒரு கதையைச் சொன்னாள். முப்பது வருஷமாக இது எங்கே இருந்தது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இதைக் கெப்பாவிடம் முன்பே சொல்லியிருப்பாளோ என்றும் இருந்தது.

சந்தியாகோ இருக்கிற கலீசியா மாகாணத்தின் எல்லையில், செப்ரெய்ரோ மலை ஏற்றத்தில் அவனுடைய முழங்கால் வீங்கிவிட்டது. பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, சிற்றூர்களுக்கு ரொட்டி போடுகிற ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. கசில்தா கையைக் காட்டி நிறுத்தினாள். உச்சிவரைக்கும் கொஸ்மே அந்த வேனில் போனான். அந்த ரொட்டிக்காரன் கொடுத்த ரொட்டியைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "ரை மாவு கொஞ்சம் கூட. அடுப்பு சூடு பத்தல" என்றான் கொஸ்மே. "எறங்கறீங்களா?" என்று கேட்டான் அந்த வேன்காரன்.

மேலே இருந்த மருத்துவர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி ஒரு அடி நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பேருந்து நிற்கிற இடத்தில் கொஸ்மே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கசில்தா மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரில் நின்றாள்.

"நீ போய் வண்டியை எடுத்துட்டு ஊருக்குப் போ. எலாதியோ ரொட்டியத் தின்னு ஜனங்க எளைச்சிருப்பாங்க. நான் ரயில்ல சாகுன் வந்து எறங்கறேன்."

அவன் கேட்கக்கூடாது என்று நினைத்தான். கேட்டான். "அவன் இப்ப எங்க இருப்பான்?"

"இந்நேரம் மலைக்கு அந்தப் பக்கம் எறங்கியிருப்பான். ஓடினாலும் பிடிக்க முடியாது. பயப்படாத."

"பயம் இல்ல."

"பொறாமை?"

"அது இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். குனிந்து அவன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, மேற்கே இறங்கினாள். முதுகு ஈரப் புல்லுக்கு நடுவில் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

அவள் ரயிலில் வந்து இறங்கினாள். எலும்பு தெரிய இளைத்திருந்தாள், சந்தோஷமாக இருந்தாள். மறுநாள் கடையில் நின்றாள். அதே கடை, அதே ரொட்டி. கொஸ்மே வேனில் போனான், வந்தான். ஊர்க்காரர்கள் ஒரு மாறுதலைக் கண்டுபிடித்தார்கள். வேன் சத்தம் கேட்டு நழுவுகிற ஆண்களைக் கொஸ்மே இப்போது கவனிப்பதே இல்லை. கால்நடை மருத்துவர் அவன் கண்ணெதிரிலேயே அரை மணி நேரம் பேசிவிட்டு, நல்ல ரொட்டியோடு போனார். "யாத்திரை போனதுல மனுஷன் திருந்திட்டான்" என்றாள் அக்கிலினா. திருந்தவில்லை. அவனுடைய பொறாமைக்கு வேறு வேலை வந்துவிட்டது. மாவு பிசைகிறபோது, கசில்தா எதிரில் நின்று மாவு சலித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று அவள் கை ஒரு நொடி நிற்கும். அந்த நாளைத்தான் நினைக்கிறாளோ என்று அவனுக்குத் தோன்றும். கேட்கமாட்டான். கேட்டாலும் சொல்லமாட்டாள்.

இலையுதிர் காலத்தில் பெர்மேயோவிலிருந்து வந்த ஒரு யாத்திரிகப் பெண் கடையில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். எண்ணெயில் போட்ட நெத்திலி மீன், ஆறு டப்பா. மேலே ஒரு வரி: கசில்தாவுக்கும் கொஸ்மேக்கும். கசில்தா ஒரு டப்பாவைத் திறந்து, ரொட்டியை அறுத்து, தட்டை நடுவில் வைத்தாள். கொஸ்மே ஒரு துண்டு எடுத்தான். பிறகு இன்னொன்று. கடைசியில் டப்பாவிலிருந்த எண்ணெயையும் ரொட்டியால் துடைத்துத் தின்றான்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"ரொட்டி நல்லா இருக்கு" என்றான்.

அடுத்த வசந்தத்தில், முழங்கால் சரியானபிறகு, எலாதியோவிடம் அடுப்பை விட்டுவிட்டு ஒரு நாள் தனியாகக் கிளம்பினான். இரும்புச் சிலுவைக்கு வாடகைக் காரில் போய் இறங்கி, அங்கிருந்து மோலினசேகாவரை நடந்தான். அவள் யோசித்த அந்த நாள் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தன் காலால் அளந்து பார்க்கவேண்டியிருந்தது. வழியெல்லாம் உருண்டைக் கல். செங்குத்தான இறக்கம். நிமிர்ந்து மலையைப் பார்த்தால் கால் புரண்டது. அவன் முழு நாளும் அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், தொப்பியைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் போனான். கசில்தா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த எறக்கத்துல யாராலயும் யோசிக்க முடியாது" என்றான். "வெறும் கல்லு. காலைப் பாத்து வெக்கவே நேரம் சரியா இருக்கு. நானே நடந்து பாத்துட்டேன்."

கசில்தா துடைத்த தட்டை அடுக்கிவைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"நான் அங்கங்க உக்காந்தேன், கொஸ்மே" என்றாள்.